எந்தக் குறைக்கு எந்த மாத்திரை?

“எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது சத்து மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்.” கொரோனாவுக்குப் பிறகு, இப்படிக் கேட்காமல் எழுந்து போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்பவர்களில் பலர் நல்ல உடல்நிலையோடு இருப்பவர்கள். மழைக்காலம் வருகிறது, பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு. பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பொத்தாம்பொதுவாக எழுதித் தரக்கூடிய பொருள் அல்ல வைட்டமின். குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து, சில சமயம் உயிரையே காப்பாற்றும் மருந்து. குறை இல்லாதவருக்கு அதனால் கிடைப்பது சொற்பம், அளவு மீறினால் கெடுதலும் உண்டு. அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்களுக்கு எந்தச் சத்து குறைவு, அது குறைவு என்று எப்படித் தெரியும்?

சத்து மருந்து பலன் கொடுத்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கிறேன். நம் ஊரிலேயே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளுக்கு, ஓராண்டு காலம் வாராவாரம் வீடு தேடிப் போய் வாயில் மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தில் வைட்டமின் ஏ இருந்தது, மற்றவர்களுக்குக் கொடுத்ததில் இல்லை. அளவும் பெரிதல்ல. நல்ல சாப்பாடு கிடைக்கும் குழந்தைக்கு ஒரு வாரத்தில் உணவிலிருந்தே வந்து சேரக்கூடிய அளவுதான். 1990-இல் முடிவு வெளியானது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களிடமும், நீண்ட நாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்களிடமும் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதே ஆய்வின் அடுத்த பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. இரு தரப்புக் குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கும் சளி இருமலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. ஆக, வைட்டமின் ஏ நோயை வரவிடாமல் தடுக்கவில்லை. வந்த நோய் குழந்தையைக் கொண்டுபோகாமல் தடுத்தது. குடல், மூச்சுக்குழாய், கண் இவற்றின் உட்புறச் சவ்வு சிதையாமல் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். அது வற்றிப்போன உடம்பில் மாலைக்கண் வருவதோடு நிற்பதில்லை, சாதாரண தட்டம்மைகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். அரசு இன்றும் ஒன்பதாவது மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதனால்தான். உங்கள் குழந்தைக்கு ஏதாவது தவணை விட்டுப்போயிருந்தால் அங்கன்வாடியிலோ கிராமச் சுகாதார செவிலியரிடமோ இந்த வாரமே கேளுங்கள். கடையில் வாங்கும் எந்த டானிக்கையும்விட அது முக்கியம்.

பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடம் இதே வைட்டமினைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த முடிவில் பலன் மிகக் குறைவு. ஏன் இந்த வேறுபாடு என்று நிபுணர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வைட்டமின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று உண்டு. குறை எங்கே ஆழமாக இருந்ததோ அங்கேதான் பலனும் பெரிதாக இருந்தது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் தண்ணீர் வழிந்துதான் போகும்.

எதிர்ப்பு சக்தியை ‘ஏற்ற’ முடியுமா?

நோய் எதிர்ப்பு என்பது ஒரே ஒரு சக்தி அல்ல. தோல், மூக்கின் சளிச்சவ்வு, வயிற்று அமிலம், எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் பலவகை வெள்ளை அணுக்கள், அவை சுரக்கும் எதிர்ப்பொருட்கள், இவை எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அதில் முடுக்கிவிடும் அணுக்களும் உண்டு, அடக்கி வைக்கும் அணுக்களும் உண்டு. தூசிக்குத் தும்மித் தீர்ப்பது, வீசிங், முடக்குவாதம், சில வகை தைராய்டு நோய்கள் எல்லாம் எதிர்ப்பு குறைந்ததால் வந்தவை அல்ல. தேவையில்லாத இடத்தில் எதிர்ப்பு வேலை செய்ததால் வந்தவை. முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், எதிர்ப்பு சக்தியை ஏற்றும் என்று விளம்பரம் செய்யும் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

கொரோனாவில் உயிர்களைக் காப்பாற்றியது எது என்று நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று காட்டியது. ஸ்டீராய்டு எதிர்ப்பு வினையை அடக்கும் மருந்து. அந்தக் கட்டத்தில் நுரையீரலைச் சிதைத்துக்கொண்டிருந்தது கட்டுமீறிப் போன எதிர்ப்பு வினை. அதே மாதங்களில் வீட்டுக்கு வீடு வாங்கிச் சாப்பிட்டது வைட்டமின் சி-யும் துத்தநாகமும். அமெரிக்காவில் க்ளீவ்லண்ட் கிளினிக் இரண்டையும் அதிக அளவில் 214 கொரோனா நோயாளிகளிடம் சோதித்து, அறிகுறிகள் தீரும் காலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2021-இல் அறிவித்தது. தொற்று ஓய்ந்த பிறகும் அந்த மாத்திரைகள் பலர் வீட்டு அலமாரியிலிருந்து இறங்கவில்லை.

சி: கொய்யா போதும்

வைட்டமின் சி-க்கு இவ்வளவு புகழ் வந்ததற்கு லைனஸ் பாலிங் முக்கியக் காரணம். இரண்டு நோபல் பரிசு பெற்ற மாமேதை. அவர் 1970-இல் எழுதிய புத்தகம், வைட்டமின் சி-யை அதிகம் சாப்பிட்டால் சளி வராது என்று உலகத்தையே நம்ப வைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி 2013-இல் காக்ரேன் குழு அலசியது. தினமும் சாப்பிட்டாலும் பொதுமக்களுக்குச் சளி பிடிக்கும் தடவைகள் குறையவில்லை. சளியின் நாட்கள் மட்டும் பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் குறைந்தன. அதாவது ஏழு நாள் சளி ஆறரை நாளில் விடும், அதுவும் ஆண்டு முழுக்கச் சாப்பிட்டு வந்தால். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வாங்கிச் சாப்பிட்டவர்களிடம் நம்பத்தக்க பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் வீரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. நீங்கள் அந்த வகையில் சேர்ந்தவரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தபடி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காய் அதற்கும் மேல். பேருந்து நிலையத்தில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் ஒரு நடுத்தரக் கொய்யாவே அன்றைய கணக்கை முடித்துவிடும். 500 மி.கி. மாத்திரையை விழுங்கினால் உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை, மிச்சம் சிறுநீரில் போய்விடும். போகிற வழியில் சும்மாவும் போகாது. அதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல்லுக்கு மூலப்பொருளான ஆக்சலேட்டாக மாறும். ஸ்வீடனில் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் ஏறக்குறைய இருமடங்கு அதிகம். வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நமக்கு இது சிறிய விஷயமல்ல. ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்த மாத்திரையின் பக்கமே போக வேண்டாம்.

சமையலில் ஒன்றைக் கவனித்தால் போதும். வைட்டமின் சி சூட்டில் அழியும். எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சாறு பிழியும் நம் வீட்டுப் பழக்கம் மிகச் சரியானது. பச்சைப்பயறை முளைகட்டினாலும் இந்த வைட்டமின் கூடும்.

டி: வாரத்துக்கு ஒன்றா, நாளுக்கு ஒன்றா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வைட்டமின் டி குறைபாடு நம் நாட்டில் பரவலாக இருப்பது உண்மை. வெயில் கொட்டிக் கிடந்தும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைந்து கிடக்கிறோம். கருமையான தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும். குறை உறுதியான பெரியவருக்கு மருத்துவர் வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். மாத்திரையாகவோ, பாலில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாகவோ, சின்னக் குப்பி மருந்தாகவோ கிடைக்கும். ஒரு நாளைக்குப் பொதுவாகத் தேவைப்படுவது 600 யூனிட். ஆக ஒரு பாக்கெட் என்பது நூறு நாள் தேவை.

மற்ற மாத்திரைகளை எல்லாம் தினமும் சாப்பிடும் வீட்டில் இதையும் தினமும் சாப்பிட்டுவிடுகிறார்கள். சீட்டில் எழுதியது புரியவில்லை, கடையில் அவசரம், பாட்டிக்குப் பேத்தி எடுத்துக் கொடுக்கிறாள், பேத்திக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, வயதானவர்களுக்கு மனக்குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் அடிவாங்கியிருக்கும். பலர் இதை வயிற்றுக்கோளாறு என்றோ முதுமை என்றோ நினைத்து நாட்களைக் கடத்துவார்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, சிறுநீரில் கழிந்துபோகாது, உடம்பில் தங்கிவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் இறங்கப் பல வாரங்கள் ஆகும்.

எனவே அந்தப் பாக்கெட்டை வாங்கி வந்த உடனே அதன்மேல் பேனாவால் ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாக எழுதுங்கள். மற்ற மாத்திரை டப்பாவில் போடாமல் தனியாக வையுங்கள். காலண்டரில் எட்டு ஞாயிறுகளை வட்டமிட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். எட்டு முடிந்தால் நிறுத்துங்கள். அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கக் கூடாது.

சளி காய்ச்சலைத் தடுக்க இது உதவுமா? கொரோனா காலத்தில் பிரிட்டனில் சுமார் 6,200 பேரிடம் வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். நார்வேயில் 34,000-க்கும் மேற்பட்டவர்களிடம், வைட்டமின் டி உள்ள மீன் ஈரல் எண்ணெயைச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான இரண்டு முடிவுகளிலும் தொற்று குறையவில்லை. எலும்புக்கு வேண்டும், தசைக்கு வேண்டும், கடுமையான குறை இருந்தால் எதிர்ப்புக்கும் வேண்டும். மற்றபடி ஆரோக்கியமான நடுத்தர வயதினர் எல்லோரும் ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை. அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் சேர்ந்து வருகிறது என்பதற்காகச் செய்து, கொஞ்சம் குறைந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடைக்கு அது அருமையான நேரம், ஆனால் வைட்டமின் டி-யை உருவாக்கும் கதிர் அந்நேரம் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் சரியான நேரம். நம் ஊரில் ஏறக்குறைய காலை பத்து மணிக்கு மேல். மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் முகமும் படும்படி கொஞ்ச நேரம் நின்றால் போதும், தோல் கருகும் வரை நிற்கக் கூடாது. கார் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. வெளியே போகவே முடியாதவர்களுக்கு முட்டை மஞ்சள்கரு, மத்தி மீன், வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் உதவும். அப்படிச் சேர்த்த பாலின் உறையில் நீல நிற ‘+எஃப்’ முத்திரை இருக்கும்.

துத்தநாகமும் மற்றவையும்

துத்தநாகத்துக்கு ஒரு நிரூபணமான வேலை உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004-இல் பரிந்துரைத்தது. போக்கு நின்றதும் துத்தநாகத்தையும் நிறுத்திவிடும் தாய்மார்கள் நிறைய. நிறுத்தாதீர்கள், அந்த நாட்களை முடித்தால் அடுத்த சில மாதங்களுக்கும் வயிற்றுப்போக்கு வருவது குறைகிறது. பெரியவர்கள் 50 மி.கி. துத்தநாகத்தை மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு கதை. அது உடம்பு தாமிரச்சத்தை எடுத்துக்கொள்வதைத் தடுத்து, ரத்தசோகையிலும் வெள்ளை அணுக்கள் குறைவதிலும் கொண்டுபோய் விடும். எதிர்ப்புக்காகச் சாப்பிட்ட மாத்திரையே எதிர்ப்பைக் குறைத்துவிடும்.

சைவ உணவில் துத்தநாகம் இருந்தும் முழுமையாகச் சேராததற்குக் காரணம் தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட். ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் அது குறையும். இட்லி மாவு இரவு முழுக்கப் பொங்குவதால் இந்த நன்மையும் கிடைக்கிறது.

வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: வேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பீட்டா கரோட்டினைச் சோதித்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ ப்ராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது. கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கும்போது கெடுதல் செய்யாத பொருள், மாத்திரையாகச் செறிந்தபோது வேறுவிதமாக நடந்துகொண்டது.

கட்டாயம் சாப்பிட வேண்டியவர்கள்

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சிலர் சாப்பிடாமல் விடுவதுதான் எனக்குக் கவலை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளைத் தடுப்பதில் இதற்கு நிகரில்லை. அதே பெண் வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, அதிக அளவு கருவைப் பாதிக்கும். தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்க வேண்டும்.

பால்கூடக் குறைவாகச் சாப்பிடும் சுத்த சைவர்கள், அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு பி12 குறையும். பாதத்தில் மரமரப்பு, நாக்கில் எரிச்சல், மறதி, காரணமில்லாத அசதி இருந்தால் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பாருங்கள். எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்யவும் இது தேவை. காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுபவர்களுக்கு பி6 சேர்த்தே கொடுப்பார்கள், அதை விடக் கூடாது. நாள்தோறும் மது குடிப்பவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறையும், இது அவசரச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகும். குடல் அல்லது உடல்பருமன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும்.

மாத்திரைகளைக் கொட்டிக் கூட்டிப் பாருங்கள்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், டானிக் பாட்டில்களையும், தண்ணீரில் போட்டால் பொங்கும் வில்லைகளையும், புரோட்டீன் பவுடர் டப்பாவையும் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். அட்டையின் பின்புற எழுத்து பொடியாக இருக்கும், கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கால்சியம் மாத்திரையில் 250 அல்லது 500 யூனிட் வைட்டமின் டி இருக்கும். மல்ட்டிவைட்டமினில் கொஞ்சம் இருக்கும். வாரப் பாக்கெட் வேறு. மூன்று பெயர்கள், மூன்று நிறங்கள், உள்ளே ஒரே பொருள். துத்தநாகமும் பி வைட்டமின்களும் இப்படியே இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வரும். காகிதத்தில் கூட்டி எழுதுங்கள்.

‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டு, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் போட்டிருந்தால் அது சட்டப்படி உணவுப் பொருள், மருந்தல்ல. நோயைக் குணமாக்கும் என்று அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை. பொங்கும் வில்லைகளில் சோடியம் இருக்கும், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்றோடு ஒன்று மோதுவதையும் பாருங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மழைக்காலக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதி, கூடவே ‘சத்துக்கு’ துத்தநாக மாத்திரையும் எழுதியிருந்தால், இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கக் கூடாது. துத்தநாகம் அந்த ஆன்டிபயாட்டிக்கைப் பிடித்து வைத்து உடம்பில் சேரவிடாது. இதயவால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே, ஈ கலந்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முடி, நகத்துக்காகச் சாப்பிடும் பயோட்டின், தைராய்டு முடிவுகளையும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் முடிவையும் தப்பாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். சீந்தில் போன்ற மூலிகைகளையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். மும்பை மருத்துவர்கள் 2021-இல் சீந்தில் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எப்படி இருந்தாலும், நீங்கள் சாப்பிடுவது உங்கள் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேசையில் பரப்பியதில் அரசு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை இருந்தால், வேலை முடிந்ததும் பூட்டி வையுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கும். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. மிட்டாய்போல மெல்லும் பழச்சுவை வைட்டமின்களைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மாத்திரை என்றால் மிட்டாய் என்று அவை குழந்தைக்குப் பாடம் எடுக்கின்றன.

“என் பிள்ளைக்கு மாதாமாதம் சளி”

பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்த முதல் ஆண்டில் அம்மாக்கள் சொல்வது இது. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் புதுப்புது வைரஸ்களைச் சந்திக்கிறது, உடம்பு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறது. எடை ஏறுகிறதா, சளிக்கு இடையில் ஓடி விளையாடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் டானிக் தேவையில்லை. முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, பழம், தூக்கம் போதும். ஆனால் ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்பக் காதில் சீழ், ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை இருந்தால் சத்து மாத்திரை வாங்கி நாள் கடத்தாதீர்கள். எதிர்ப்பு ஏற்பாட்டிலேயே குறை இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எதிர்ப்பு குறைவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வைட்டமின் அல்ல, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். அடிக்கடி கட்டி, படர்தாமரை, ஆறாத புண் என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அடுத்தது தூக்கம். அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் கவனித்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சளி பிடித்தது. தூக்கத்துக்குச் செலவும் இல்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராக உடம்பைத் தயார்செய்யும் நிரூபணமான வழி தடுப்பூசிதான்.

சோறும் பருப்பும் எதிர்ப்பு சக்திதான் என்பதற்குச் சான்று ஜார்க்கண்டில் கிடைத்தது. சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற அந்த ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தினர் 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசியும் துவரம்பருப்பும், கூடவே சத்து மாத்திரையும் வீட்டுக்கு வந்தன. 2023-இல் வெளியான முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சத்துப் பொடி வாங்கிவிட்டு, முட்டை விலை ஏறிவிட்டது என்று முட்டையை நிறுத்தும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. அந்தப் பணத்தை முட்டைக்கும், பருப்புக்கும், நெத்திலிக்கும், கொய்யாவுக்கும் திருப்புங்கள்.

மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடும் மாத்திரைகளை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், மேசையில் கூட்டி எழுதிய காகிதத்தோடு காட்டுங்கள். இது எதற்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு அட்டைக்கும் கேளுங்கள். பதில்களை அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.